தொழில் என்னவென்று ஐந்து மாதம் கேட்டார்கள்

என் வலது கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ரெட்டியார்பாளையத்தில் மாடு வைத்திருக்கிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கன்று குறுக்கே சிக்கி மாடு முக்கிக்கொண்டு கிடந்தால், மாட்டு டாக்டருக்கு முன்னால் எனக்குத்தான் ஆள் வரும். முழங்கைக்கு மேலே விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு கையை உள்ளே விட்டேன் என்றால், தொட்டதுமே சொல்லிவிடுவேன், இது முன்னங்கால், இது பின்னங்கால், இது மூக்கு என்று. எந்தக் காலேஜும் எனக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் படித்தது மூன்றாவது. அதிலும் பாதியில் நின்றுவிட்டேன்.

என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. நானும் பதினெட்டு வயதில் அதே ஆலைக்குள் போனவன்தான். ஆலை மூடினபோது என்னோடு வேலை செய்தவர்கள் கொடி பிடித்துக்கொண்டு கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். நானும் ஒரு நாள் உட்கார்ந்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை மதகடிப்பட்டு சந்தைக்குப் போய் ஒரு செவலைப் பசுவைப் பிடித்து, நடத்தியே வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அந்த ஒன்றைப் பதினொன்று ஆக்கினேன். மாடி வீடு கட்டினேன். ஒரே பெண்ணைப் பட்டப்படிப்பு படிக்கவைத்து, குருசுக்குப்பத்தில் கட்டிக்கொடுத்தேன். இதைச் சொன்னால் தற்பெருமை என்பார்கள். இருக்கட்டும். செய்தவன்தானே சொல்ல முடியும்.

இப்போது எழுத்துக்கூட்டி இதை எழுத உட்கார்ந்தது என் பெருமையைச் சொல்ல இல்லை. என் மனைவி காய்ச்சலில் விழுந்து, எழுந்திருப்பாளா மாட்டாளா என்று எந்த டாக்டருக்கும் தெரியாமல் கிடந்த ஐந்து மாதத்தைச் சொல்ல வேண்டும். காரணம் என் வீட்டு மாட்டுக் கொட்டாயிலேயே இருந்தது. பாதி எனக்குத் தெரியாது. மீதிப் பாதியை நானே மூடிவைத்தேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. ஏழு மாசச் சினையாக இருந்த ஒரு ஜெர்சி கலப்பு, ஒரு காலையில் மாசம் முடியாமலே கன்றை வீசிவிட்டது. செத்த கன்று. இளங்கொடி விழவில்லை. கன்றுக்குப் பின்னால் வந்து விழ வேண்டிய நஞ்சு, உள்ளேயே ஒட்டிக்கொண்டு பாதி வெளியே தொங்கியது. நான் கையை விட்டு எடுத்தேன். அதிலும் எனக்குப் பேர் உண்டு. அவசரப்பட்டு இழுத்தால் கர்ப்பப்பை கிழியும். நான் பூப்போல, நஞ்சு ஒட்டியிருக்கிற காய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுப்பேன். ஒரு மணி நேரம் ஆனது. என் மேலெல்லாம் அந்த மஞ்சள் நீர். நாற்றம் மூன்று நாள் போகவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. இளங்கொடியை மண்ணில் போட மாட்டோம். பழைய கோணியில் வைக்கோலோடு வைத்துக் கட்டி, ஆலமரத்துக் கிளையில் தொங்கவிடுவோம். ஆல், பால் வடிகிற மரம். அதில் கட்டினால் மாட்டுக்குப் பால் வற்றாது என்று நம்பிக்கை. வில்லியனூர் பக்கம், திருபுவனை பக்கம் எல்லாம் ரோட்டோர ஆலமரத்தில் மூட்டை மூட்டையாகத் தொங்குவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு அதற்கு ரோட்டுக்குப் போக வேண்டியதில்லை. கொட்டாய்க்குப் பின்னாலேயே ஒரு மரம் நிற்கிறது. நான் எடுத்துப் போட்டதை அள்ளி, கோணியில் கட்டி, இடுப்பில் வைத்துக் கொண்டுபோய் மரத்தில் தொங்கவிடுவது என் மனைவியின் வேலை. கல்யாணம் ஆன நாளிலிருந்தே அது அவள் வேலை. கருக்கரிவாளால் புல் அறுத்து அறுத்து அவள் விரலெல்லாம் எப்போதும் கீறல்தான்.

பத்து நாள் கழித்து இரண்டாவது மாடு வீசியது. கார்த்திகையில் மூன்றாவது.

"என்னாய்யா, மூணாவதும் வீசிடுச்சி. மாட்டு டாக்டர ஒரு தடவ கூப்புட்டு காட்டேன்" என்றாள்.

"என் கைய விடவா டாக்டரு? மழ ஈரத்துக்கு வீசுது. போய் கோணி எடுத்தா."

"பக்கத்து வீட்டுக்காரி கண்ணுதான் பட்டிருக்கும்னு தோணுது."

"அவ கண்ணுல அவ்ளோ பவரு இருந்தா அவ புருஷன் குடிய நிறுத்தியிருப்பா. போடீ."

சிரித்துக்கொண்டே கோணி எடுக்கப் போனாள். மூன்று மூட்டையும் மரத்தில் தொங்கின. காக்காய் கொத்தியது. மழையில் ஒரு மூட்டை நைந்து கீழே விழுந்தது. நாய் இழுத்துக்கொண்டு போய் வைக்கோல் போர்ப் பக்கம் போட்டது. நான் பார்த்தேன். காலால் தள்ளிவிட்டுப் போனேன்.

தை மாசத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாயங்காலம் ஏறும், விடியும்போது வேர்த்துக் கொட்டி இறங்கும். படுத்த பாய் பிழிகிற மாதிரி இருக்கும். நான்கு நாள் நன்றாக இருப்பாள். காலை நாலரைக்குக் கறக்க உட்காருவாள். மறுபடியும் ஏறும். பிறகு இடுப்பு வலி என்றாள். மணையிலிருந்து எழ முடியவில்லை, கேனைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தெரு முனை டாக்டரிடம் ஊசி போட்டோம். டைபாய்டு என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். குறைந்தது. திரும்ப வந்தது.

பெண் வந்து பார்த்துவிட்டுக் கத்தினாள். "நைனா, அம்மா பாதியா போயிட்டாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போ."

சரி, போனோம். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். ஏ.சி. போட்ட இடம். நான் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. அவளைப் பட்டுப்புடவை கட்டச் சொன்னேன்.

"ஒடம்பு நெருப்பா சுடுது, பட்டுப்பொடவ எதுக்குய்யா?"

"கட்டு, சொல்றேன். ஆள பாத்துதான் வைத்தியமே பாப்பாங்க. உள்ள போயி மாடு, சாணின்னு பேசிக்கினு இருக்காத. நான் பேசிக்கிறேன்."

அதற்கு ஒரு காரணம் உண்டு. பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் பேசும்போது, மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தி எங்கள் வாசலில் கால் வைத்ததும் முந்தானையால் மூக்கை மூடினாள். கல்யாணம் நடந்துவிட்டது. அந்த முந்தானையை நான் மறக்கவில்லை. பேங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போனதும் உண்டு. நான் சம்பாதித்தது எல்லாம் அந்த நாற்றத்தில்தான் வந்தது. ஆனாலும் அந்த ஏ.சி. அறையில் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

சீட்டு எழுதுகிற பெண் கேட்டாள்.

"தொழில்?"

"பிசினஸ்."

"என்ன பிசினஸ் சார்?"

"சொந்த பிசினஸ்."

"அம்மாவுக்கு?"

"ஹவுஸ் ஒய்ப்."

அவள் எழுதிக்கொண்டாள். அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு டாக்டரும் கேட்டார்கள். "வீட்டுல வளர்ப்புப் பிராணி ஏதாவது உண்டா?" என்று ஒருவர் கேட்டார். நாய், பூனையைக் கேட்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இல்லை என்றேன். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் பேசிக்கிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அதனால் பேசவில்லை.

அந்த டாக்டர்கள் மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். முதுகெலும்பில் இரண்டு எலும்புக்கு நடுவே அரித்திருக்கிறது என்றார்கள். எலும்பு டி.பி.யாக இருக்கலாம் என்று அதற்கு மருந்து ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாள் காய்ச்சல் அடங்கியது. எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு பழையபடி. வைகாசியில் அவளால் தானாகத் திரும்பிப் படுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். பக்கவாட்டில் தள்ளினால் பல்லைக் கடித்துக்கொள்வாள், கத்த மாட்டாள். கால் இப்படியே விழுந்துவிடுமா என்று கேட்டேன். "இப்போ எதுவும் சொல்ல முடியாது" என்றார்கள்.

அந்த நாட்களில் எனக்கு என்ன தோன்றியது என்று பெண் பின்னால் கேட்டாள். ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் உண்மை. அவளைப் படம் எடுக்கிற மெஷினுக்குள் தள்ளினபோது நான் கேன்டீனில் மூன்று இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டேன். பசித்தது, சாப்பிட்டேன். சட்னி நீர்த்துப்போயிருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது. காலையில் ஆள் வைத்துக் கறந்து, கேனை ஏற்றி, பால் ஊற்றிவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்காருவேன். சொட்டு மருந்து இறங்குவதைப் பார்ப்பேன். பாட்டில் தீர்ந்ததும் நர்ஸைக் கூப்பிடுவேன். சாயங்காலம் திரும்பிவிடுவேன். கொட்டாயில் மாடுகள் என்னைப் பார்க்கும். தவிடு போடுவேன். வாழ்க்கையில் நான் அழாத ஆள் இல்லை, ஆலை மூடினபோது அழுதிருக்கிறேன். அப்போது மட்டும் வரவில்லை. உள்ளே ஏதோ ஒன்று பேசாமல் படுத்துவிட்ட மாதிரி.

ஆனி மாசத்தில் ஒரு நாள் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தது. சின்ன வயசு. ஊசி போட நரம்பு தேடி என் மனைவியின் கையைப் பிடித்தது. பிடித்தபடியே நின்றது. கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தது.

"இது என்னம்மா, கட்டவிரல் முட்டியில இவ்ளோ காய்ப்பு?"

நான் சொன்னேன், "வீட்டு வேலைதான், டாக்டர்."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான் அம்மாவைக் கேட்டேன்" என்றது.

என் மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். "பால் கறக்கற கை" என்றாள்.

"அதானே பாத்தேன். எங்கம்மாவுக்கும் இதே மாதிரி இருக்கும். விரலை மடக்கிக் கறப்பாங்க. எத்தனை மாடும்மா?"

"பதினொண்ணு."

"பச்சப் பால் குடிப்பீங்களா?"

"எனக்குப் புடிக்காது. காய்ச்சித்தான் குடிப்பேன். இந்தாளுதான் நுரை அடங்கறதுக்குள்ள டம்ளர் டம்ளரா குடிப்பாரு."

"இந்த ஒரு வருஷத்துல மாடு ஏதாவது கன்னு வீசிச்சா?"

"மூணு."

"நஞ்ச யாரு எடுத்தா?"

"கைய விட்டு எடுத்தது அவரு. கோணியில கட்டி இடுப்புல வச்சி தூக்கிக்கினு போனது நானு."

டாக்டரம்மா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தது. "ஏம்மா, அஞ்சு மாசமா ஏன் இத யாருகிட்டயும் சொல்லல?"

"என்னை யாரு கேட்டாங்க? அவரத்தான் கேட்டாங்க."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது மாதிரி சொன்னாள். நான் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். என் சட்டையின் மடிப்பு கலையாமல் இருந்தது.

அதற்கென்று மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இந்தக் கிருமியைத் தேடுங்கள் என்று பரிசோதனைக் கூடத்துக்கு முன்கூட்டியே சொன்னால்தான் அதற்கான பரிசோதனையைச் செய்வார்களாம், நாளும் அதிகம் வைத்துப் பார்ப்பார்களாம். வந்துவிட்டது. புருசெல்லா என்று பேர் சொன்னது டாக்டரம்மா. மாட்டுக்கு வந்தால் கன்று வீச்சு நோய். மனுஷனுக்கு வந்தால் விட்டு விட்டு வருகிற காய்ச்சல், வேர்வை, மூட்டு வலி, விட்டுவைத்தால் முதுகெலும்பு. மாடு வீசின கன்றிலும், அந்த நீரிலும், இளங்கொடியிலும் கோடிக்கணக்கில் இருக்குமாம். கையில் கீறல் இருந்தால் அது வழியாகப் போகும். கண்ணில் தெறித்தால் போகும். பச்சைப் பாலில் போகும். காய்ச்சினால் செத்துவிடும்.

"இது மருந்துல போயிடும்" என்றது டாக்டரம்மா. "ஆனா எலும்புக்குப் போயிட்டதால மூணு மாசம் ஒரு வேளைகூட விடாம சாப்பிடணும். அவ்ளோ சீக்கிரம் செத்துப்போற கிருமி இல்ல இது. பாதியில நிறுத்தினா திரும்ப வரும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா முதுகு இவ்ளோ போயிருக்காது." பிறகு என்னைப் பார்த்தது, அன்றைக்கு முதல் தடவையாக. "நீங்களும் ரத்தம் குடுங்க."

கொடுத்தேன். என் ரத்தத்திலும் அதன் அடையாளம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஒரு மாசம் முட்டி வலியும் காய்ச்சலும் இருந்தது, வயசு என்று விட்டுவிட்டேன். எனக்கும் மாத்திரை கொடுத்தார்கள். அந்தக் கிருமி என்னைப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. என் உடம்பு அப்படி. இதைப் பெருமையாகச் சொல்ல வேண்டும் என்று வாய் வருகிறது. எழுதிவிட்டேன், அடிக்கவில்லை.

அந்த வாரமே மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தேன். வயசானவர். வந்ததும் பின்னால் போய் ஆலமரத்தைப் பார்த்தார். மிச்சமிருந்த இரண்டு கோணியும் காய்ந்து கருவாடு மாதிரி தொங்கின.

"இதுக்குக் கீழதான் மாடெல்லாம் படுக்குமா?"

"ஆமா சார். நல்ல நெழலு."

அவர் பையிலிருந்து நீளமான கையுறை எடுத்து எனக்கு ஒன்று கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு கோணிகளை இறக்கினேன். இடுப்பளவு குழி, சுண்ணாம்பு, மேலே மண், மண் மேல் முள். வைக்கோல் போரில் நாய் இழுத்துப் போட்ட இடத்தைக் காட்டினேன். அதையும் கொளுத்தச் சொன்னார். கொட்டாய்த் தரை முழுக்க மருந்து தெளித்தார். பதினோரு மாட்டுக்கும் ரத்தம் எடுத்தார். நான்கில் இருந்தது. வீசின மூன்றும், வீசாத ஒன்றும். வீசாததுதான் எனக்குப் பிடித்த மாடு. கொழுகொழுவென்று இருந்தது, ஒரு குறையும் தெரியவில்லை.

"இதுக்கு மாட்டுக்கு வைத்தியம் கெடையாதுங்க" என்றார். "நாலையும் தனியா கட்டுங்க. தனித் தண்ணி, தனித் தொட்டி. சினைக்கு விடாதீங்க. பால மத்ததுல கலக்காதீங்க. மாட்ட யாருக்கும் விக்காதீங்க. கெடேரிக் கன்னுங்களுக்கு நாலு மாசத்துல இருந்து எட்டு மாசத்துக்குள்ள ஒரே ஒரு ஊசி. ஆயுசுக்கும் போதும். நாங்க வந்து இலவசமாத்தான் போட்டுக்கினு இருக்கோம். உங்க தெருவுக்கும் வந்தோம், போன வருஷம்."

அவர்கள் வந்தது எனக்கு நினைவிருக்கிறது. என் மாட்டுக்கு என்ன என்று எனக்குத் தெரியும், போங்கள் என்று அனுப்பியவன் நான்தான். அவருக்கும் நினைவிருந்திருக்கும். கேட்கவில்லை.

எப்படித் தெரிந்ததோ, மறுநாள் மாட்டுத் தரகன் வந்து நின்றான். இருபது வருஷப் பழக்கம்.

"நாலையும் ஓட்டிக்கினு போறேண்ணே. செஞ்சி பக்கம் தள்ளிடலாம். இன்னும் பால் குடுக்குற மாடு."

"நோய் இருக்குதுடா."

"மாடு என்னாண்ணே, ஆஸ்பத்திரி சீட்ட கழுத்துல மாட்டிக்கினா போவுது? சந்தையில எத்தினி மாடு இப்பிடி வருது தெரியுமா? ஒங்க கொட்டாய்க்கே வேற எப்பிடி வந்துச்சிங்கற?"

உண்மைதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சந்தையில் ஒன்று பிடித்தேன். மடியைப் பார்த்தேன், பல்லைப் பார்த்தேன், சுழி பார்த்தேன். ரத்தம் யார் பார்த்தார்கள்? சொல்லுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்: வெளி மாடு வாங்கினால் ரத்தம் பார்த்து வாங்குங்கள், வாங்கின பிறகும் ஒரு மாசம் தனியாகக் கட்டுங்கள். நாற்பது வருஷம் மாடு பார்த்தவன் சொல்கிறேன், கண்ணால் பார்த்து இது தெரியாது.

நாலையும் கொடுத்துவிடுவது என்றுதான் முடிவு செய்தேன். வேலை செய்யாத நான்கு வாய்க்குத் தீனி போடுவது எனக்குப் பழக்கமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளிடம் சொன்னேன். ஏதோ ஒரு நல்ல சேதி சொல்வது மாதிரி சொன்னேன்.

அவளுக்கு அப்போது ஊசி ஆரம்பித்து ஆறாவது நாளோ ஏழாவது நாளோ. காய்ச்சல் வரவில்லை. தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"செஞ்சி பக்கமா?" என்றாள்.

"ஆமா."

"வாங்கறவன் வூட்டுலயும் ஒருத்தி குந்திக் கறப்பா இல்ல?"

அவள் பிஸ்கட் ஒன்றை டீயில் நனைத்துத் தின்றாள். தரகனுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றேன். "அண்ணி சொல்லிச்சா?" என்று சிரித்தான். ஆமாம் என்றேன்.

நான்கு மாடும் இப்போதும் இருக்கின்றன, கொல்லையின் கடைசியில், தகரம் அடித்து மறைத்து. சினை இல்லை, பால் வற்றிவிட்டது. கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொண்டுதான் அங்கே போகிறேன். தெருவில் சிரிக்கிறார்கள். "என்னா மாமா, மாடு மேய்க்கப் போறியா, மெஷின்ல ஏறி நெலாவுக்குப் போறியா?" என்று ஒருவன் கேட்டான். அவன் வீட்டிலும் மூன்று மாடு. அவனுக்கும் ஒரு ஜோடி கையுறை கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். போடுகிறானா தெரியாது.

பால் வாடிக்கைக்காரர்களிடமும் சொல்ல வேண்டியிருந்தது. முக்கால்வாசிப் பேர் பொங்கக் காய்ச்சித்தான் குடிக்கிறார்கள், அவர்களுக்குப் பயமில்லை என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டது. ஆனால் டவுனுக்குள் சொல்தா வீடு ஒன்று உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கினவரின் வீடு. அவர் போய்விட்டார், அந்த அம்மா மட்டும் இருக்கிறார். என் பாலைக் காய்ச்சாமல் வைத்துத் திரித்து புரோமாஜ் செய்வார், அந்தப் பாலாடைக் கட்டியை மாதா கோயிலில் எல்லோருக்கும் கொடுப்பார். என் பாலில்தான் அந்த ருசி வரும் என்று அவர் சொல்வதை நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். அவர் வாசலில் நின்று சொன்னேன். நோய், மாடு, என் மனைவி, எல்லாம். காய்ச்சாமல் ஒரு சொட்டும் வேண்டாம், உங்களுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இருந்ததா, ரத்தம் பார்த்துவிடுங்கள் என்றேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கடைசியில் "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி மட்டும் சொன்னார். அடுத்த நாளிலிருந்து பால் வேண்டாம் என்று வேலைக்காரப் பெண் வந்து சொன்னாள். ரத்தம் பார்த்தார்களாம், ஒன்றும் இல்லையாம். அது போதும்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும், மாத்திரை முடிகிறவரை அவள் எங்கள் பெண் வீட்டில் இருந்தாள், குருசுக்குப்பத்தில், மாடியில். கொட்டாய்ப் பக்கம் இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தது. நான் மத்தியானம் குளித்துவிட்டுப் போவேன். மாத்திரை அட்டையை எண்ணிப் பார்ப்பேன். ஒருநாளும் விடவில்லை அவள். முதலில் சுவரைப் பிடித்து நின்றாள். பிறகு வாக்கர் வைத்துக் கக்கூஸ் வரை. ஆவணியில் ஜன்னல் வரை போய்ப் படகு வருவதைப் பார்த்தாள். ஒருநாள் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நான் அந்தச் சீட்டில் அப்படி எழுதச் சொன்னது, என்று ஆரம்பித்தேன். "மழ வர்ற மாரி கீது, துணி எடு" என்றாள். எடுத்தேன். அதோடு போயிற்று.

கடைசியாக டாக்டரம்மா படம் பார்த்துவிட்டு, காய்ச்சல் இனி வராது, நடக்கலாம், ஆனால் குந்தி உட்காரவும் கனம் தூக்கவும் முடியாது என்றது. அரித்த இரண்டு எலும்பும் ஒன்றாக ஒட்டிக்கொண்டதாம். "ரப்பர் கையுறை போட்டுக்கிட்டு, ஸ்டூல் போட்டு உக்காந்து கறக்கலாம், நல்ல மாட்ட மட்டும்" என்றது.

"வேணாம்" என்றாள் என் மனைவி. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்துவிட்டாள். நடக்கிறாள், லேசாக முன்பக்கம் சாய்ந்தபடி. கொட்டாய்ப் பக்கம் போவதில்லை. நான் கொட்டாயிலிருந்து வந்தால் வெளிக் குழாயில் குளித்து, வேறு வேட்டி கட்டிக்கொண்டுதான் வாசப்படி ஏற வேண்டும். அது அவள் போட்ட சட்டம். நாலரைக்கு நான்தான் எழுந்து கறக்கிறேன், ஏழு மாட்டையும். எனக்குக் கை ஓடுகிறது, இந்த வயசிலும். அவள் ஆறு மணி வரை தூங்குகிறாள். நாற்பது வருஷத்தில் அவள் ஆறு மணி வரை தூங்கி நான் பார்த்ததில்லை.

எழுந்ததும் அடுப்படியில் நின்று அவளே காப்பி போடுகிறாள். எனக்குப் பால் ஊற்றி. அவளுக்குப் பால் விடாத வரக்காப்பி.

"பால் மூணு தடவ பொங்க வச்சிட்டேன்" என்றேன் ஒருநாள். "டாக்டரம்மாவே சொல்லிச்சி, காய்ச்சினா ஒண்ணும் பண்ணாது."

"தெரியும்" என்றாள்.

டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, கருப்பாக இருந்த அந்தக் காப்பியை ஊதிக் குடித்தாள். நான் என் டம்ளரோடு உள்ளேயே நின்றேன். ஆடை படிந்திருந்தது. விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தேன்.